"மிச்சம் வைக்காம எடுத்துடுங்க டாக்டர்!" - நுரையீரல் புற்றுநோய் ஆபரேஷனில் எவ்வளவு எடுத்தால் போதும்?

புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே குரல்தான். "எதையும் மிச்சம் வைக்காதீங்க டாக்டர், மொத்தமா எடுத்துடுங்க." களை பிடுங்கினால் வேரோடு பிடுங்க வேண்டும் என்று பழகிய மனது வேறு எப்படி யோசிக்கும்? கொஞ்சம் விட்டுவைத்தால் அதிலிருந்து திரும்ப முளைத்துவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான்.

ஆனால், ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட சிறிய நுரையீரல் கட்டிகளைப் பொறுத்தவரை, கடந்த சில ஆண்டுகளாக அறுவை சிகிச்சை நிபுணர்கள் நோயாளியின் முன் ஒரு பேப்பரை வைத்து இரண்டு நுரையீரல்களையும் வரைந்து, "இந்தப் பகுதி முழுசையும் எடுக்கலாம். இல்லை, இதுக்குள்ள இருக்கிற இந்தத் துண்டை மட்டும் எடுத்தாலும் போதும்" என்று விளக்குகிறார்கள். கேட்பவர்களுக்குக் குழப்பம். குறைவாக எடுக்கிறேன் என்று டாக்டரே சொல்கிறாரே, இது செலவைக் குறைக்கவா, வேலையைக் குறைக்கவா என்றுகூடச் சந்தேகம் வரும்.

இரண்டும் இல்லை. உண்மையில், துண்டை மட்டும் எடுப்பது பல நேரங்களில் டாக்டருக்குக் கூடுதல் வேலை. அப்புறம் ஏன்? அதைப் புரிந்துகொள்ள, முதலில் நுரையீரல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மடல், சுளை, முக்கோணத் துண்டு

நமக்கு வலது பக்க நுரையீரலில் மூன்று மடல்கள், இடது பக்கத்தில் இரண்டு. இதயத்துக்கு இடம் விட வேண்டியிருப்பதால் இடது பக்கம் கொஞ்சம் சிறியது. மருத்துவர்கள் இந்த மடலை 'லோப்' என்பார்கள். ஒரு மடல் முழுவதையும் எடுக்கும் ஆபரேஷன்தான் லோபெக்டமி.

ஒவ்வொரு மடலுக்குள்ளும் இன்னும் சிறிய பிரிவுகள் உண்டு. ஆரஞ்சுப் பழத்தை உரித்தால் சுளை சுளையாக இருக்குமே, கிட்டத்தட்ட அப்படி. ஒவ்வொரு சுளைக்கும் தனியாக ஒரு காற்றுக்குழாய், தனியாக ஒரு ரத்தக்குழாய். இந்தச் சுளைக்குப் பெயர் 'செக்மென்ட்'. மூச்சுத்திறன் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போடும்போது இரண்டு நுரையீரல்களுக்கும் சேர்த்து 19 செக்மென்ட்கள் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். வலது மேல்மடலில் 3, நடுமடலில் 2, கீழ்மடலில் 5. இடதில் மேல்மடலில் 5, கீழ்மடலில் 4. கட்டி இருக்கும் ஒன்றிரண்டு சுளைகளை மட்டும் எடுப்பது செக்மென்டெக்டமி.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. தர்பூசணி வாங்கும்போது பழம் சிவப்பாக இருக்கிறதா என்று காட்ட, கடைக்காரர் கத்தியை இறக்கி முக்கோணமாக ஒரு துண்டை எடுத்துத் தருவார் அல்லவா? சுளை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற கணக்கெல்லாம் பார்க்காமல், கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல திசுவையும் சேர்த்து அப்படி எடுப்பதுதான் வெட்ஜ் ரிசெக்‌ஷன். இருப்பதிலேயே எளிமையானது இதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. "எனக்குச் சின்னதா ஓட்டை போட்டுத்தான் ஆபரேஷன் பண்ணாங்க, அதனால சின்ன ஆபரேஷன்தான்" என்று பலர் நினைக்கிறார்கள். மார்பைத் திறந்து செய்வதா, சிறு துளைகள் வழியே கேமராவை விட்டுச் செய்வதா, ரோபோ உதவியோடு செய்வதா என்பதெல்லாம் உள்ளே போகும் வழி. உள்ளே போய் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது வேறு விஷயம். மூன்றே துளைகள் வழியாக ஒரு மடலையே முழுசாக எடுத்துவிட முடியும். எனவே தழும்பின் நீளத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

முழு நுரையீரலில் தொடங்கிய கதை

'எவ்வளவு எடுப்பது' என்ற கேள்விக்கு வயது 90-ஐத் தாண்டிவிட்டது. 1933, ஏப்ரல் 5. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள பார்ன்ஸ் மருத்துவமனை. எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை சிகிச்சை நிபுணரின் மேஜையில் படுத்திருந்தவரும் ஒரு டாக்டர்தான். பெயர் ஜேம்ஸ் கில்மோர், பிட்ஸ்பர்கைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர், வயது 48. இடது நுரையீரலில் புற்றுநோய். ஆபரேஷனுக்கு முன்பு ஊருக்குப் போன அவர் தனக்கான கல்லறை இடத்தை வாங்கிவிட்டுத் திரும்பி வந்தார் என்று சொல்லப்படுகிறது. நம்பிக்கை அந்த அளவில்தான் இருந்தது.

கிரஹாம் ஒரு மடலை மட்டும் எடுக்கத்தான் நினைத்திருந்தார். திறந்து பார்த்தபோது கட்டி இருந்த இடம் அதற்கு ஒத்துவரவில்லை. இடது நுரையீரல் முழுவதையும் ஒரே அமர்வில் எடுத்தார். புற்றுநோய்க்காக அப்படிச் செய்யப்பட்டு நோயாளி நலமாக வீடு திரும்பிய முதல் ஆபரேஷன் என்று வரலாற்றில் அது பதிவானது. கில்மோர் அதன்பிறகு ஏறக்குறைய 30 ஆண்டுகள் வாழ்ந்தார். புகைப்பழக்கம் உள்ளவராக இருந்த கிரஹாம், 1950-ல் எர்ன்ஸ்ட் விண்டர் என்ற இளைஞரோடு சேர்ந்து சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டும் முக்கியமான ஆய்வை வெளியிட்டார். 1957-ல் அவரே நுரையீரல் புற்றுநோயால் இறந்துபோனார். அவர் காப்பாற்றிய நோயாளி அப்போது உயிரோடு இருந்தார்.

அந்த வெற்றிக்குப் பிறகு முழு நுரையீரலை எடுப்பதே சரியான வழி என்ற எண்ணம் கொஞ்ச காலம் கோலோச்சியது. ஆனால், ஒற்றை நுரையீரலோடு மிச்ச வாழ்க்கையை ஓட்டுவது எல்லோராலும் முடிகிற காரியமல்ல. கட்டி ஒரு மடலுக்குள் அடங்கியிருந்தால் அந்த மடலை மட்டும் எடுத்தாலே போதும் என்று 1950, 60-களில் அறுவை சிகிச்சை உலகம் இறங்கிவந்தது. அதைவிடவும் குறைக்கலாமே என்று செக்மென்ட் அளவில் எடுத்துப் பார்த்தவர்களும் இருந்தார்கள். யார் சொல்வது சரி?

இதைத் தீர்க்க அமெரிக்காவிலும் கனடாவிலும் 1980-களில் ஓர் ஆய்வு நடந்தது. 3 செ.மீ வரை உள்ள கட்டி, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத நோய். (அக்குளில், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்பார்களே, அதே போன்ற முடிச்சுகள் நுரையீரலைச் சுற்றியும் இருக்கின்றன. புற்றுநோய் வெளியே பயணம் கிளம்பினால் பெரும்பாலும் முதலில் தங்கும் இடம் இவைதான்.) இப்படிப்பட்ட நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மடலையும் இன்னொரு பிரிவினருக்குத் துண்டையும் எடுத்தார்கள். ராபர்ட் கின்ஸ்பெர்க், லாரன்ஸ் ரூபின்ஸ்டீன் இருவரும் 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். கணக்கில் கொள்ளப்பட்டவர்கள் 247 பேர். துண்டை மட்டும் எடுத்தவர்களுக்கு அதே இடத்தில் நோய் திரும்ப வருவது ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த நோயால் இறந்தவர்களும் அந்தப் பிரிவில்தான் அதிகம்.

அவ்வளவுதான், கதவு சாத்தப்பட்டது. ஏறக்குறைய 27 ஆண்டுகள், உடல்நிலை இடம்கொடுத்தால் லோபெக்டமி என்பதே உலகம் முழுக்க விதி. "மிச்சம் வைக்காதீங்க" என்று சொல்லும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அறிவியலும் தலையாட்டிக்கொண்டிருந்த காலம் அது.

பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி

கதவைத் திரும்பத் திறந்தது சி.டி ஸ்கேன்.

1980-களில் ஒருவரின் நுரையீரலில் கட்டி என்று தெரிந்தால், பெரும்பாலும் அது சாதாரண எக்ஸ்-ரேயில் தெரியும் அளவுக்கு வளர்ந்த கட்டி. மில்லிமீட்டர் கணக்கில் வெட்டிக் காட்டும் ஸ்கேன்கள் பரவலான பிறகு, 1 செ.மீ, ஒன்றரை செ.மீ புள்ளிகளெல்லாம் கண்ணில் படத் தொடங்கின. அளவு மட்டும் மாறவில்லை, ஆளே மாறிவிட்டது. இந்தப் புள்ளிகளில் சில, ஸ்கேனில் கெட்டியான வெள்ளை உருண்டையாகத் தெரிவதில்லை. பாத்ரூம் ஜன்னலுக்குப் போடும் மங்கலான கண்ணாடி மாதிரி, பின்னால் இருக்கும் ரத்தக்குழாய் தெரிந்தும் தெரியாமலும் ஒரு படலமாக இருக்கும். மருத்துவத்தில் 'கிரவுண்ட் கிளாஸ்' என்கிறார்கள். புற்றுநோயாகவே இருந்தாலும் இந்த மங்கல் வகை பொதுவாக மிக மெதுவாக வளரும், பரவும் குணமும் குறைவு. ஒரு கட்டியில் மங்கல் எவ்வளவு, கெட்டி எவ்வளவு என்று அளந்து பார்த்தாலே அதன் சுபாவம் ஓரளவு தெரிந்துவிடும்.

இதை முதலில் தீவிரமாகப் பின்தொடர்ந்தவர்கள் ஜப்பானிய மருத்துவர்கள். 'எக்ஸ்-ரே காலத்துக் கட்டிக்கு எழுதிய விதியை, ஸ்கேன் காலத்துக் கட்டிக்கும் அப்படியே ஒட்ட வைக்கலாமா' என்பதுதான் அவர்களின் கேள்வி. யோசித்துப் பாருங்கள், எவ்வளவு எளிமையான கேள்வி!

விடை தெரிந்துகொள்ள அவர்கள் எடுத்துக்கொண்ட காலம் எளிமையானது அல்ல. 2009-ல் தொடங்கி 2014 வரை, ஜப்பானின் 70 மருத்துவமனைகளில் 1,106 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். எல்லோருக்கும் கட்டி 2 செ.மீ-க்கு மேல் இல்லை, நுரையீரலின் வெளி ஓரத்தில் இருந்தது, கட்டியில் பாதிக்கு மேல் கெட்டிப் பகுதி. அதாவது சாதுவான மங்கல் கட்டிகளை மட்டும் பொறுக்கி எடுத்து ஜெயிக்கப் பார்க்கவில்லை. 554 பேருக்கு லோபெக்டமி, 552 பேருக்கு செக்மென்டெக்டமி. 7 ஆண்டுகளுக்கும் மேல் கண்காணித்து, 2022-ல் 'தி லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள்.

5 ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள், லோபெக்டமி செய்துகொண்டவர்களில் 91.1 சதவிகிதம். செக்மென்டெக்டமியில் 94.3 சதவிகிதம்.

குறைவாக எடுத்தவர்கள், அதிகம் எடுத்தவர்களுக்குச் சமமாக இருந்தால் போதும் என்றுதான் ஆய்வாளர்களே எதிர்பார்த்திருந்தார்கள். முந்திவிட்டார்கள்.

திரும்பவும் வந்தது, ஆனாலும் வாழ்ந்தார்கள்

இதோடு நிறுத்தினால் இது நல்ல செய்தி. ஆனால், அதே ஆய்வில் இன்னோர் எண் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு 'துண்டு எடுத்தாலே போதும்' என்று ஃபார்வர்டு அனுப்புவது ஆபத்து. ஆபரேஷன் செய்த இடத்திலும் அதைச் சுற்றியும் நோய் திரும்ப வந்தது, லோபெக்டமியில் 5.4 சதவிகிதம் பேருக்கு. செக்மென்டெக்டமியில் 10.5 சதவிகிதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வீட்டுப் பெரியவர்களின் பயம் வெறும் பயமில்லை.

அப்படியானால் அவர்கள்தானே அதிகம் இறந்திருக்க வேண்டும்? இறப்புகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. லோபெக்டமி பிரிவில் இறந்த 83 பேரில் 52 பேர் இறந்தது இந்த நுரையீரல் புற்றுநோயால் அல்ல, வேறு நோய்களால். செக்மென்டெக்டமி பிரிவில் இறந்தவர்கள் 58. அவர்களில் வேறு நோய்களால் இறந்தவர்கள் 27.

இந்த ஆய்வில் இருந்தவர்களில் பாதிப் பேர் 67 வயதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். அந்த வயதில் ஒரு நோய் குணமானதோடு வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. அடுத்த நிமோனியா வரும். மாரடைப்பு வரலாம். வேறோர் உறுப்பில் புதிய புற்றுநோய் வரலாம். ஒருமுறை நுரையீரல் புற்றுநோய் வந்தவருக்கு, மற்றொரு மடலில் முற்றிலும் புதிதாக இன்னொன்று தோன்றும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். அப்படி இரண்டாவது முறை ஆபரேஷன் மேஜைக்குப் போகும்போது, கையில் எவ்வளவு நுரையீரல் மிச்சம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. மடல் முழுசாகப் போயிருந்தால், "உங்களுக்கு இன்னொரு ஆபரேஷன் தாங்காது" என்று சொல்லப்படலாம். சுளை மட்டும் போயிருந்தால் கதவு திறந்திருக்கும். நுரையீரலைச் சேமித்ததுதான் அந்த வித்தியாசத்துக்கு முழுக் காரணமா என்பதில் நிபுணர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. ஆனால், 'மிச்சம்' என்ற சொல்லுக்கு வேறோர் அர்த்தம் கிடைத்துவிட்டது.

சரி, மூச்சுவிடும் திறன்? இங்கேதான் பலருக்கு ஏமாற்றம். ஓர் ஆண்டு கழித்து ஊதிப் பார்க்கும் டெஸ்ட்டில், லோபெக்டமி செய்தவர்களுக்குத் திறன் 12 சதவிகிதம் குறைந்திருந்தது. செக்மென்டெக்டமியில் 8.5 சதவிகிதம். வித்தியாசம் மூன்றரைதான். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. மடலை எடுத்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் நுரையீரல் கொஞ்சம் விரிந்து அந்த இடத்தை ஈடுகட்டுகிறது. ஆரோக்கியமான நுரையீரல் உள்ள 50 வயதுக்காரர் இந்த மூன்றரையை உணரக்கூட மாட்டார். வருடக்கணக்காகப் பீடி, சிகரெட் பிடித்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் 70 வயதுக்காரருக்கு அதே மூன்றரை பெரிய விஷயம். ஆகவே 'துண்டு எடுத்தால் ஓடலாம், மடல் எடுத்தால் நடக்கவே முடியாது' என்ற பேச்சில் உண்மை இல்லை.

முக்கோணத் துண்டும் பாஸ் ஆனது

ஜப்பான் முடிவு வந்த சில மாதங்களில், 2023 பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து இன்னோர் ஆய்வு முடிவு வந்தது. நாசர் அல்டோர்கி தலைமையிலான குழு, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் 697 பேரை வைத்து நடத்திய ஆய்வு இது. இங்கும் 2 செ.மீ-க்கு உட்பட்ட கட்டிகள்தான். ஆனால், ஒரு பெரிய வித்தியாசம். துண்டு எடுத்த பிரிவில் செக்மென்ட் பார்த்து எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வெறும் வெட்ஜ்தான், அந்தத் தர்பூசணித் துண்டு. நோய் திரும்பாமல் 5 ஆண்டுகளைக் கடந்தவர்கள், துண்டு எடுத்தவர்களில் 63.6 சதவிகிதம், மடல் எடுத்தவர்களில் 64.1. உயிரோடு இருந்தவர்கள் 80.3, 78.9. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த எண்களை ஜப்பான் எண்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திக்கென்று இருக்கும். அங்கே 90-க்கு மேல், இங்கே 80. நோயாளிகள் வேறு, கட்டிகளின் தன்மை வேறு. ஜப்பான் ஆய்வில் மங்கல் கலந்த கட்டிகளும் இருந்தன. எனவே, இணையத்தில் ஒரு சதவிகிதத்தைப் படித்துவிட்டு அதுதான் நம் அப்பாவுக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம். 2 செ.மீ கட்டிதானே என்று அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். இரண்டு பிரிவிலும் மூன்றில் ஒருவருக்கு மேல், 5 ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியோ வேறு காரணத்தாலோ பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். மடல் முழுசையும் எடுத்தும் அதைத் தடுக்க முடியவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. சில புற்றுநோய்கள், கத்தி படும் முன்பே கிளம்பிப்போய்விடுகின்றன.

மங்கலான பகுதியே பெரும்பாலும் இருக்கும் கட்டிகளின் கதை தனி. 2 செ.மீ-க்குள், கெட்டிப் பகுதி கால்வாசிக்கும் மிகாத கட்டிகளுக்குப் பெரும்பாலும் வெட்ஜ் மட்டுமே செய்து பார்த்த ஜப்பானின் இன்னோர் ஆய்வில், 5 ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 99.7 சதவிகிதம். அதற்குப் போய் மடலை எடுப்பது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது மாதிரி.

யாருக்கு இந்தப் பேச்சே பொருந்தாது?

கட்டி 2 செ.மீ-யைத் தாண்டினால், அது கெட்டியான கட்டியாக இருந்தால், இன்றைக்கும் லோபெக்டமிதான் முதல் தேர்வு. கட்டி வெளி ஓரத்தில் இல்லாமல், காற்றுக்குழாயும் ரத்தக்குழாயும் நுழையும் நடுப்பகுதிக்கு அருகில் இருந்தால், சுளையை மட்டும் பிரித்தெடுக்க இடமிருக்காது. நிணநீர்க் கணுவில் நோய் இருந்தால் இந்த விவாதமே இல்லை. உடல்நிலை ஆபரேஷனையே தாங்காது என்றால், கட்டியைக் குறிவைத்துச் சில நாள்களில் முடிக்கும் துல்லியக் கதிர்வீச்சு சிகிச்சை இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவதற்கு இன்னொரு வாரம் வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே நுரையீரல் புற்றுநோயாளிகளில் பெரும்பாலானவர்கள் மருத்துவரிடம் வரும்போதே நோய் முற்றிய நிலையில் இருக்கிறார்கள். இருமல், சளியில் ரத்தம், எடை குறைவு எல்லாம் டி.பி-க்கும் பொருந்தும் என்பதால், டி.பி மாத்திரையிலேயே மாதங்கள் ஓடிப்போவதும் நடக்கிறது. சுளையா, மடலா என்று யோசிக்கும் வாய்ப்பு கிடைப்பவர்கள், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கட்டி தெரிந்தவர்கள்தான் அதிகம். கோவிட் நேரத்தில் எடுத்த சி.டி, மாஸ்டர் ஹெல்த் செக்கப், வேறோர் ஆபரேஷனுக்கு முன்பு பார்த்த டெஸ்ட் என்று.

அப்படி ஒரு புள்ளி தெரிந்தால் உடனே புற்றுநோய் என்று கலங்கிவிடவும் வேண்டாம். எப்போதோ வந்துபோன டி.பி விட்டுச்சென்ற தழும்பாகவும் இருக்கலாம். நம் நாட்டில் அதற்கு வாய்ப்பு அதிகம். பெட் ஸ்கேனில் டி.பி-யும் பளிச்சென்று ஒளிரும் என்பதால், அந்த ஒளிர்வை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் பயாப்ஸி வரை போவது அவசியம். பழைய எக்ஸ்-ரே, பழைய சி.டி எதையாவது பீரோவில் பத்திரமாக வைத்திருந்தால் கட்டாயம் எடுத்துப்போங்கள். 5 வருடமாக அளவு மாறாத புள்ளிக்கும், 6 மாதத்தில் முளைத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ஸ்கேனும் அதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

மேஜையில் நடப்பது

மடலை எடுப்பதில் ஒரு வசதி, மடலுக்கும் மடலுக்கும் நடுவே இயற்கையே பிளவு போட்டுவைத்திருக்கிறது. சுளைகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியும் கோடு எதுவும் இல்லை. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே சி.டி படங்களை வைத்து கம்ப்யூட்டரில் அந்த நோயாளியின் நுரையீரலை முப்பரிமாணத்தில் உருவாக்கி, எந்தக் குழாய் எந்தச் சுளைக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஆள் இது மாறும். பிறகு அந்தச் சுளைக்குப் போகும் ரத்தக்குழாயை மூடிவிட்டு, கையிலுள்ள நரம்பு வழியாக ஒரு சாயத்தை ஏற்றுகிறார்கள். சிறப்புக் கேமராவில் பார்த்தால் ரத்தம் போகும் நுரையீரல் முழுக்க ஒளிரும், எடுக்க வேண்டிய சுளை மட்டும் இருட்டாக நிற்கும். அந்த இருட்டின் ஓரம்தான் எல்லைக்கோடு. செக்மென்டெக்டமியில் டாக்டருக்குக் கூடுதல் வேலை என்று மேலே சொன்னது இதைத்தான். அனுபவமும் கூடுதலாக வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு காற்றுக் கசிவதால் மார்பில் வைத்த டியூப் கூடுதல் நாள் இருக்க வேண்டிவருவது செக்மென்டெக்டமியில் சற்று அதிகம் என்பதையும் ஜப்பான் ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

எவ்வளவு எடுத்தாலும், கட்டியின் விளிம்பிலிருந்து வெட்டிய கோடு வரை போதுமான நல்ல திசு இருக்க வேண்டும். குறைந்தது 2 செ.மீ, அல்லது கட்டியின் அளவுக்காவது என்பது பொதுவான கணக்கு. அது கிடைக்காத இடத்தில் வெட்ஜ் செய்வது சிக்கனம் அல்ல, சமரசம். நிணநீர்க் கணுக்களை எடுத்துப் பார்ப்பதும் அப்படித்தான். துண்டு மட்டும் எடுக்கிறோம் என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது. டாக்டரிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் இந்த இரண்டையும் கேளுங்கள். "சார், விளிம்பு எவ்வளவு கிடைக்கும்? கணுக்களை எடுத்துப் பார்ப்பீங்களா?" அதோடு, "இந்த மாதிரி ஆபரேஷன் இங்க அடிக்கடி பண்றீங்களா?" என்று கேட்பதிலும் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. நல்ல டாக்டர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முன்பு ஊதச் சொல்வார்கள், மாடிப்படி ஏறச் சொல்வார்கள். இன்னும் புகைத்துக்கொண்டிருந்தால் அன்றே நிறுத்தச் சொல்வார்கள். அப்புறம் ஒப்புதல் படிவம் வரும். சுளைக்குத்தான் பேசி முடித்தோம், படிவத்தில் மடலை எடுக்கவும் சம்மதம் என்று எழுதியிருக்கிறதே என்று பலர் பதறுவது இந்த இடத்தில்தான். உள்ளே போன பிறகு எடுத்த கணுவை உறைய வைத்து, மெல்லிய சீவலாக்கி, நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அதில் புற்றுநோய் செல் தெரிந்தாலோ, விளிம்பு போதவில்லை என்றாலோ, அங்கேயே திட்டம் மாறும். ஜப்பான் ஆய்வில் செக்மென்டெக்டமி என்று முடிவாகி மேஜைக்குப் போனவர்களில் 22 பேருக்கு இப்படித்தான் லோபெக்டமி ஆனது. அந்த நேரத்தில் வெளியே காத்திருப்பவர்களிடம் ஓடிவந்து கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் இரண்டுக்கும் சேர்த்து முன்பே கையெழுத்து கேட்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன்பு, எந்தெந்தச் சூழ்நிலையில் திட்டத்தை மாற்றுவீர்கள் என்று உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே காத்திருக்கப்போகும் மனைவியோ, மகனோ, மகளோ அந்தப் பேச்சின்போது கூட இருக்கட்டும்.